நீலத்துணுக்கும் பதினாலு ஆடுகளும்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் குண்டூசி. ஆள் ஒல்லி. கூட்டத்தில் நின்றால் கண்ணில் படமாட்டாள். ஆனால் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். அந்தப் பெயர் எப்படியோ வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

அவளுடைய தம்பிக்கு வயது ஆறு. அவன் பெயர் பின்பாட்டு. அக்கா எதைச் சொன்னாலும் அதன் கடைசிச் சொல்லை அவன் ஒரு தடவை சொல்லி முடித்தால்தான் அவனுக்கு நிம்மதி.

அன்று காலை இருவரும் ஆட்டுக்கொட்டிலில் அம்மாவுக்கு உதவி செய்துகொண்டிருந்தார்கள். உதவி என்றால் இப்படி: குண்டூசி ஆட்டின் முன்னால் தழையைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அம்மா பால் கறப்பாள். பின்பாட்டு ஒரு டம்ளரோடு வாளிக்குப் பக்கத்தில் நின்று, பாலை எப்படிக் குறைக்கலாம் என்று பார்ப்பான்.

வழக்கமாக அம்மா ஒவ்வொரு ஆட்டையும் பெயர் சொல்லிக் கொஞ்சிக்கொண்டேதான் கறப்பாள். அன்று வாயே திறக்கவில்லை.

"ஏம்மா உம்முனு இருக்க?" என்று கேட்டாள் குண்டூசி.

"உம்முனு இருக்க?" என்றான் பின்பாட்டு.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து சாயங்காலம் பூச்சியக்கா வந்துட்டுப் போனாங்க. வேலியை நீட்டப் போறாங்களாம். சரிவு மொத்தத்துக்கும்."

"அப்ப நம்ம ஆடுங்க எங்க மேயும்?"

"இங்க மேயாது. மலைக்கு அந்தப் பக்கம் மாமாகிட்ட விட்டுடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்கான்."

"எல்லாத்தையுமா?"

"பதினாலையும்தான். புல்லு இல்லாம இங்க வச்சுகிட்டு என்ன செய்யறது?"

குண்டூசியின் கையிலிருந்த தழையைத் தலைவி என்ற ஆடு வெடுக்கென்று பிடுங்கியது. மந்தையில் எல்லா ஆடுகளும் அது போகும் வழியில்தான் போகும். அதனால்தான் அந்தப் பெயர். சாப்பாட்டு நேரத்தில் அது யாருக்கும் மரியாதை கொடுக்காது.

பூச்சியக்கா என்பவர் பூச்சி ஆராய்ச்சி அலுவலகத்தின் அதிகாரி. அவருடைய பதவியின் பெயர் ஒரு முழ நீளம் இருந்ததால், பிள்ளைகள் சுருக்கி இப்படிக் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவில் ஒரு பெரிய புல்வெளி உண்டு. அங்கே கோடையில் மட்டும் ஒரு சின்ன வண்ணத்துப்பூச்சி பறக்கும். கட்டைவிரல் நகம் அளவுதான். வானத்தில் ஓர் ஓரத்தைக் கத்தரித்துக் காற்றில் விட்டதுபோல இருக்கும். பிள்ளைகள் அதை நீலத்துணுக்கு என்பார்கள். அது வருடாவருடம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், புல்வெளியின் மேல்பாதியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள், ஆடுகள் உள்ளே போகாமல் இருப்பதற்காக.

அதற்குப் பிறகும் நீலத்துணுக்கு குறைந்தது. அதுதான் வேடிக்கை.

*

அன்று பூச்சியக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். கரும்பலகையில் ஒரு பெரிய படத்தை மாட்டினார்.

"இதோ, தரையோட படர்ந்து இருக்கே, இளஞ்சிவப்புப் பூ பூக்கற வாசச்செடி. நீலத்துணுக்கு இதுல மட்டும்தான் முட்டை வைக்கும். புழு கொஞ்ச நாள் இந்தப் பூவைத் தின்னும். அப்புறம் பொத்துனு தரையில விழுந்துடும்."

"செத்துப் போயிடுமா?" என்றது முதல் பெஞ்சு.

"அதான் இல்ல. அது உடம்புல இருந்து தேன் மாதிரி ஒரு சொட்டு வரும். அந்த வழியா போற சிவப்பு எறும்பு அதை நக்கிப் பார்க்கும். 'அடடா, இது நம்ம வீட்டுக் குழந்தையாச்சே'னு நினைச்சு, தூக்கிட்டுப் போய்ப் புத்துக்குள்ள வளர்க்கும். குளிர்காலம் முழுக்கப் புழு அங்கதான் இருக்கும். கோடையில இறக்கையோட வெளிய வரும்."

"எறும்பு நல்லா ஏமாந்துருச்சு!" என்று வகுப்பே சிரித்தது.

கடைசி பெஞ்சில் ரொட்டிக்கடைக்காரர் மகன் எழுந்தான். "எல்லாம் சரி. இந்தப் பூவையெல்லாம் தின்னு தீர்த்தது யாரு? குண்டூசி வீட்டு ஆடுங்கதானே!"

எல்லாத் தலைகளும் குண்டூசியின் பக்கம் திரும்பின.

"ஆட்டைக் குத்தம் சொல்லாதப்பா. அதுக்குப் பசி, அது தின்னுச்சு" என்றார் பூச்சியக்கா.

குண்டூசி எழுந்தாள். "அக்கா, ஒரு சந்தேகம். வேலிக்குள்ள ரெண்டு வருஷமா ஒரு ஆடும் போகல. உள்ளயாவது நீலத்துணுக்கு கூடியிருக்கணும் இல்ல? ஏன் கூடல?"

பூச்சியக்கா சாக்பீஸைக் கையில் உருட்டினார்.

"உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கும் தெரியல. வேலி போட்ட இடம் பத்தலையோனு தோணுது. அதனாலதான் பெருசாக்கிப் பார்க்கறோம். இந்த வருஷமும் குறைஞ்சா, அடுத்த வருஷம் இந்தப் படத்துல மட்டும்தான் அதைப் பார்க்க முடியும்."

அதைச் சொன்னபோது அவருடைய குரல் இறங்கிவிட்டது. குண்டூசி அதைக் கவனித்தாள். கோபப்படலாம் என்றுதான் அவள் எழுந்திருந்தாள். ஆனால் கோபம் வரவில்லை.

*

சாயங்காலம் ஆடுகளை ஓட்டிவரக் குண்டூசியும் பின்பாட்டும் சரிவுக்குப் போனார்கள். வேலிக்கு வெளியே இருந்த கீழ்ப்பாதி, புதிதாக முடிவெட்டிய தலைபோல இருந்தது. முன்பு முழுச் சரிவிலும் மேய்ந்த ஆடுகள், இப்போது பாதி இடத்தில் மேய்ந்தால் வேறு எப்படி இருக்கும்? புல்லும் இல்லை, பூவும் இல்லை.

குண்டூசி எண்ணினாள். பதிமூன்று. மறுபடி எண்ணினாள். பதிமூன்றேதான்.

"தலைவியைக் காணோம்!"

"காணோம்!"

பெரிய பாறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. மழைத்தண்ணீர் அரித்து, வேலிக்கு அடியில் மண் பள்ளமாகியிருந்தது. மேலே கம்பியில் ஒரு கொத்து வெள்ளை முடி.

குண்டூசி அந்த முடியைப் பிய்த்து எடுத்தாள். "போச்சு. வேலிக்குள்ள போயிருக்கா."

இருவரும் பள்ளத்தில் தவழ்ந்து உள்ளே போனார்கள். உள்ளே புல் குண்டூசியின் மார்பு வரை வளர்ந்திருந்தது. தம்பியின் தலைகூடத் தெரியவில்லை.

"அக்கா! என்னைக் காணோம்!" என்றான் அவன்.

"கத்திகிட்டே வா. நான் கண்டுபிடிச்சுக்கறேன்."

கொஞ்சதூரம் புல்லை விலக்கிக்கொண்டு நடந்ததும் சட்டென்று வெளிச்சம். வகுப்பறை அளவுக்கு ஒரு திறந்த இடம். அங்கே புல் கட்டையாக இருந்தது. நடுவில் தலைவி நின்று, சொந்த வீட்டில் இருப்பவள்போல அசைபோட்டுக்கொண்டிருந்தது. தரையில் காய்ந்த புழுக்கையும் இருந்தது, புதுப் புழுக்கையும் இருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் வந்துபோன இடமில்லை இது.

"அடிப்பாவி, மத்ததுங்க கண்ணுல படாம தினமும் இங்க வந்துட்டு, எண்ணறதுக்குள்ள திரும்பிடறியா?"

தலைவி காதை ஆட்டியது. ஈயை விரட்டியதோ, ஆமாம் என்றதோ, தெரியாது.

குண்டூசி அதன் கழுத்துக் கயிற்றைப் பிடிக்க ஓடினாள். அவள் கால் பட்ட இடத்திலிருந்து நீலமாக ஏதோ எழுந்தது. அடுத்த அடியில் இன்னும் சில. பிறகு இடமெல்லாம் எழுந்தது. முழங்கால் உயரத்துக்கு நீலம் படபடத்தது.

இருவரும் அசையாமல் நின்றார்கள். பின்பாட்டுக்குத் திருப்பிச் சொல்ல ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அக்காதான் எதுவும் சொல்லவில்லையே.

கட்டைப் புல்லுக்கு நடுவே வாசச்செடி இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்தது. தலைவி அதை முகர்ந்துவிட்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த புல்லைக் கடித்தது. நல்ல புல் இருக்கும்போது நெடி அடிக்கும் செடியை அது ஏன் தின்னப்போகிறது?

முதலில் குண்டூசியின் புத்தி அவசரமாக வேலை செய்தது. தலைவியை வெளியே இழுத்துவிடணும். பள்ளத்தில் கல்லைப் போட்டு அடைச்சிடணும். புழுக்கையைப் பொறுக்கிடணும். யாராவது பார்த்தால் ஆடுகளை அனுப்ப ஞாயிற்றுக்கிழமை வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள்.

ஒரு பெரிய கல்லைத் தூக்கியும்விட்டாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள். வேலிக்குள் இவ்வளவு இடம் இருக்கும்போது, இவை எல்லாம் ஏன் இங்கே மட்டும் பறக்கின்றன?

"அக்கா, இங்க தரை சுடுது" என்றான் பின்பாட்டு. செருப்பில் முள் ஏறியதால் அதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"எங்க சுடுது?"

"இங்கதான். அங்க புல்லுக்குள்ள ஜில்லுனு இருந்துச்சு. ஈரம் வேற."

குண்டூசி கல்லைக் கீழே போட்டாள். உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். வெயில் குடித்த மண், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோல இதமாகச் சுட்டது. உயரமான புல்லுக்குள் போய்க் கையை வைத்தாள். வெயிலே படாத மண். தம்பி சொன்னது சரி.

"பிஸ்கட் வச்சிருக்கியா?"

"இல்லையே" என்றான் பின்பாட்டு, சட்டைப் பையை மூடிக்கொண்டு.

"பொய் சொல்லாதடா. ஒண்ணே ஒண்ணு. உடைச்சு வைக்கத்தான்."

சூடான தரையில் ஒரு துண்டு வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு எறும்புகள் வரிசைகட்டி வந்தன. ஜில்லென்ற தரையில் ஒரு துண்டு வைத்தாள். ஒரு நத்தை மட்டும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. எறும்பு ஒன்றுகூட வரவில்லை. தலைவியை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, மொட்டைத் தரையிலும் ஒரு துண்டு வைத்தாள். அங்கே சிவப்பு எறும்பு வந்தது. ஆனால் சுற்றிலும் ஒரு வாசச்செடிகூட இல்லை.

"எறும்பு இருக்கற இடத்துல பூ இல்ல. பூ இருக்க வேண்டிய இடத்துல எறும்பு இல்ல. ரெண்டும் இருக்கறது தலைவி மேயற இடத்துல மட்டும்."

"பிஸ்கட்டும் இல்ல" என்றான் பின்பாட்டு சோகமாக.

*

அம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு, "தலைவி வேலிக்குள்ள போறானு நீயே போய்ச் சொல்லப் போறியா?" என்றாள்.

"ஆமா."

"அவங்க நம்பலைன்னா?"

"நம்ப வேண்டாம். வந்து பார்த்தா போதும். நான் மறைச்சா நீலத்துணுக்கும் போயிடும், ஆடும் போயிடும். யாருக்கு லாபம்?"

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். "சரி. நானும் வரேன். திட்டு விழுந்தா மூணு பேரும் பங்கு போட்டுக்கலாம்."

"எனக்குக் கொஞ்சம் போதும்" என்றான் பின்பாட்டு.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் பூச்சியக்காவை அழைத்துக்கொண்டு போனார்கள். வேலிக்கடியில் இருந்த பள்ளத்தைப் பார்த்ததும் அவர் நடை வேகமானது. புழுக்கையைப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"இது எத்தனை நாளா நடக்குது அக்கா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"சத்தியமா தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா நானே அடைச்சிருப்பேன்."

"இந்த ஒரு இடத்தைக் காப்பாத்தறதுக்கு நான் எவ்வளவு..." பூச்சியக்கா முடிக்கவில்லை.

குண்டூசி முன்னால் வந்தாள். "அக்கா, தாராளமா திட்டுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை இந்தத் தரையில படுத்துப் பாருங்க. அப்புறம் திட்டுங்க."

"படுக்கணுமா?"

"ஆமாக்கா. புழுக்கை இல்லாத இடமாப் பார்த்து."

பூச்சியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குப்புறப் படுத்தார். முகத்துக்கு நேரே வாசச்செடி. அதன் மேல் ஒரு நீலத்துணுக்கு வந்து உட்கார்ந்து, இறக்கையை மூடித் திறந்தது. பக்கத்துப் பூவில் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. அவர் மூச்சை மெதுவாக விட்டார்.

"தரையைத் தொட்டுப் பாருங்க. அப்புறம் அந்தப் புல்லுக்குள்ள தொட்டுப் பாருங்க."

பூச்சியக்கா பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்து இரண்டு இடத்திலும் மண்ணில் குத்திப் பார்த்தார்.

பின்பாட்டுக்கு மனம் புண்பட்டுவிட்டது. "நேத்தே என் கால் சொல்லிடுச்சு" என்றான்.

"உன் கால் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார் அவர். குண்டூசி பிஸ்கட் வைத்த மூன்று இடத்திலும் சர்க்கரை வைத்து எறும்பையும் பார்த்தார். அதோடு விடவில்லை. வேலிக்குள் இன்னும் நாலைந்து மூலைகளுக்குப் போய் அதையே செய்தார். எங்கே புல் உயரமோ அங்கே சிவப்பு எறும்பு இல்லை. திரும்பி வந்தபோது அவருடைய தலையெல்லாம் புல்விதை.

"நீ என்ன நினைக்கற? சொல்லு" என்று குண்டூசியைக் கேட்டார்.

"ஆடு வராததால புல்லு வளர்ந்துச்சு. புல்லு வளர்ந்ததால தரையில வெயில் படல. வெயில் இல்லாததால சிவப்பு எறும்பு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. புழு கீழ விழுந்தா தூக்கிட்டுப் போக ஆள் இல்ல. அவ்வளவுதான்க்கா."

"அவ்வளவுதான்க்கா" என்றான் பின்பாட்டு.

பூச்சியக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பூவைக் காப்பாத்தறேன்னு சொல்லி எறும்பை விரட்டியிருக்கேன். என் கண்ணு முழுக்க பூ மேலயே இருந்திருக்கு." தலையிலிருந்து ஒரு புல்விதையை எடுத்து ஊதினார். "சரி, அப்ப வேலியைப் பிடுங்கிடலாமா?"

ஆமாம் என்று சொல்லக் குண்டூசிக்கு ஆசைதான். ஆனால் கீழே தெரிந்த மொட்டைத் தரையைப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா. இங்க வந்தது தலைவி ஒருத்திதான். அதான் புல்லு மட்டும் போச்சு, பூ நின்னுச்சு. பதினாலும் சேர்ந்து வந்தா புல்லு தீர்ந்ததும் பூவையும் விடாது. முறை வச்சுக்கலாம். பூ பூக்கறப்ப ஆடு வெளிய இருக்கட்டும். பூ முடிஞ்சு, புழுவையெல்லாம் எறும்பு தூக்கிட்டுப் போனப்புறம் உள்ள விடலாம்."

"ஒரே மூலையில விடாம, இடம் மாத்தி மாத்தி மேய விடணும்மா" என்றாள் அம்மா. "அஞ்சாறு ஆடு போதும். மீதி கீழ மேயட்டும். கீழயும் புல்லு தலை தூக்கும்."

பூச்சியக்கா எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "நான் ஒருத்தி முடிவு பண்ண முடியாது. ஆபீஸ்ல எல்லாரையும் கூட்டிட்டு வந்து இதே மாதிரி படுக்க வைக்கறேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ளயா?" என்றாள் குண்டூசி.

"முயற்சி பண்றேன்."

*

ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவின் வண்டி வந்துவிட்டது. பூச்சியக்காதான் வரவில்லை.

மாமா பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்துவைத்தார். உள்ளே வைக்கோல் பரப்பியிருந்தார். தலைவி முதலில் ஏறியது. தலைவி ஏறினால் கேட்க வேண்டுமா? மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. பின்பாட்டு ஒவ்வோர் ஆட்டுக்கும் டாட்டா காட்டினான். எட்டாவது ஆட்டோடு கையை இறக்கிவிட்டான்.

குண்டூசி சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இன்னும் கொஞ்ச நேரம்."

"எத்தனை கொஞ்ச நேரம்மா? வெயில் ஏறுது" என்று மாமா கதவைச் சாத்தினார்.

அப்போது ஒரு ஸ்கூட்டரின் சத்தம் கேட்டது. பூச்சியக்கா நிறுத்தியும் நிறுத்தாமலும் குதித்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்க மண். வெகு நேரம் படுத்திருந்த மண்.

"இறக்குங்க, இறக்குங்க! ஒத்துகிட்டாங்க! ஒரு வருஷம் முறை வச்சுப் பார்க்கலாம்னு சொல்லிட்டாங்க. வேலிக்கு ஒரு கதவு வைக்கறோம்!"

குண்டூசி ஓடிப்போய் வண்டிக் கதவைத் திறந்தாள்.

"அப்ப நான் இவ்வளவு தூரம் வந்தது சும்மாவா?" என்றார் மாமா.

"ஏன் சும்மா? பால் காய்ச்சித் தரேன், குடிச்சிட்டுப் போ" என்றாள் அம்மா. அவள் முகத்தில் ஒரு வாரத்துச் சிரிப்பும் ஒன்றாக வந்திருந்தது.

இறக்குவதுதான் கஷ்டமாகிவிட்டது. தலைவிக்கு மாமாவின் வைக்கோல் மிகவும் பிடித்துவிட்டது. அதைத் தின்று முடிக்காமல் இறங்கமாட்டேன் என்று நின்றது. அது இறங்காமல் மற்றவை இறங்குமா? கடைசியில் குண்டூசி முன்னால் இழுக்க, பூச்சியக்கா பின்னால் தள்ள, மாமா ஓரமாக நின்று யோசனை சொல்ல, ஒருவழியாக இறங்கியது.

*

அடுத்த கோடையும் வந்தது. இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் ஆடுகள் முறைவைத்து மேய்ந்த மேல்சரிவு, இப்போது கதவு சாத்தி அமைதியாக இருந்தது. புல் கணுக்கால் உயரம்தான். தொட்ட இடமெல்லாம் தரை சுட்டது. வாசச்செடி பாறை வரை படர்ந்திருந்தது.

அன்று கணக்கெடுக்கும் நாள். பூச்சியக்கா விரலை நீட்டி எண்ணிக்கொண்டே நடந்தார். குண்டூசியும் பின்பாட்டும், பூவை மிதிக்காமல் பின்னால் வந்தார்கள். பேசக் கூடாது என்பது நிபந்தனை. பின்பாட்டு வாயை இரண்டு கையாலும் பொத்தியிருந்தான்.

பாறைக்கு அருகே வந்ததும், வலதுபக்கச் சரிவிலிருந்து ஒரு கூட்டம் நீலமாக எழுந்தது. இடதுபக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் வந்து அதில் கலந்தது. பூச்சியக்காவின் விரல் இங்கே போனது, அங்கே போனது, நடுவில் நின்றுவிட்டது.

"என்னாச்சுக்கா?" என்று கிசுகிசுத்தாள் குண்டூசி.

"எண்ணிக்கை தப்பிப்போச்சு" என்றார் பூச்சியக்கா. அவருடைய முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க, மறுபடி கீழ இருந்து ஆரம்பிக்கலாம்."

மூவரும் திரும்பிச் சரிவில் இறங்கினார்கள். யாருக்கும் அவசரம் இல்லை.